ஒலிம்பிக்ஸ் லைட்வெயிட் பாக்ஸிங்: டிவி முன்னாடி உக்காந்து நீங்களே ஸ்கோர் போடுறது எப்படி

நமக்குப் புடிச்ச ஆளு தோத்துட்டா உடனே ஜட்ஜ் ஏமாத்திட்டாருன்னு கத்துறோம்ல, அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் பேனா எடுத்து நீங்களே ஸ்கோர் போட்டுப் பாருங்க, பாதி கோவம் அங்கயே அடங்கிடும். மீதிப் பாதி நியாயமான கோவமாவும் இருக்கலாம், அது வேற.

எடைய மொதல்ல பாத்துக்கோங்க, மாறிக்கிட்டே இருக்கு. ஆண்களுக்கு 2016 ரியோ வரைக்கும் 60 கிலோ, டோக்கியோல 63, பாரிஸ் 2024ல 63.5. பெண்களுக்கு 2012 லண்டன்லேர்ந்தே 60 தான், அயர்லாந்து வீராங்கனை கெல்லி ஹாரிங்டன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் தங்கம் அடிச்சது இதுல தான்.

மூணு ரவுண்டு, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம். ரவுண்ட ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு பெரும்பாலும் 9, ரொம்ப ஒருதலையா போச்சுன்னா 8. சமம்னு போட்டுத் தப்பிக்க முடியாது. பேப்பர்ல பேரு எழுதாதீங்க, செவப்பு நீலம்னு கார்னர் கலர மட்டும் எழுதுங்க, கமெண்ட்ரிய ம்யூட் பண்ணிடுங்க, ஏன்னா கூட்டம் கத்துறதுல கைல பட்ட குத்து கூட மூஞ்சில விழுந்த மாதிரி தான் தெரியும்.

இப்போ முக்கியமான விஷயம். க்ளவுஸோட முட்டிப் பக்கம், தலையோட முன்பக்கமோ சைடோ இல்ல பெல்ட்டுக்கு மேல உடம்புலயோ சுத்தமா விழுந்தா தான் கணக்கு. லைட்வெயிட்ல கை அவ்ளோ வேகம், அடிக்கிறவர் கைய பாத்தா ஒண்ணும் புரியாது, வாங்குறவர் தலைய பாருங்க. ஒருத்தர் முன்னாடி வந்து வந்து ஏழெட்டு குத்து விடுவாரு, எல்லாம் எதிராளி மூஞ்சிய மறைச்சு வெச்சிருக்குற கைலயே நிக்கும், பின்னாடி போறவர் ஒரே ஒரு ஜாப் (முன்கைய நேரா நீட்டி விடுற குத்து) விடுவாரு, தாடை டக்குனு மேல போகும். பாயிண்ட் அந்த ஜாபுக்கு தான். தொரத்துறவர் தான் ஜெயிக்கிறாருன்னு நெனைக்கிறது தான் நம்ம எல்லாருக்கும் இருக்குற வியாதி.

கீழ விழுந்தா அதுக்குன்னு தனி பாயிண்ட் கெடையாது, புரோ பாக்ஸிங் பாத்துப் பழகினவங்க இங்க தான் சறுக்குவாங்க. ரெஃப்ரி வார்னிங் குடுத்தா ஒரு பாயிண்ட் போச்சு.

ஜட்ஜ் அஞ்சு பேரு, அதுல மூணு பேர் உங்க பக்கம்னா வெற்றி. மூணு ஜட்ஜ் மொத ரெண்டு ரவுண்ட 10-9னு எதிராளிக்குக் குடுத்துட்டா, மூணாவத 10-8னு எடுத்தாலும் மொத்தம் 28-28 தான் வரும். அதான் கடைசி ரவுண்டுல ஒருத்தர் கண்ண மூடிட்டு வீசுறதும் இன்னொருத்தர் கட்டிப் புடிச்சே நேரத்த ஓட்டுறதும்.

செமில தோத்த ரெண்டு பேருக்கும் வெண்கலம், அதுக்குத் தனியா ஃபைட் கெடையாது. 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டுல 60 கிலோ செமில தோத்த நம்ம சரிதா தேவி, ஜட்ஜ் முடிவ ஏத்துக்காம அந்த வெண்கலத்த மேடையிலயே தன்ன ஜெயிச்ச கொரியாவோட பார்க் ஜி-நா கழுத்துல மாட்டினாங்கல்ல, அந்த ஃபைட் வீடியோ கெடைச்சா ம்யூட்ல போட்டு ஸ்கோர் பண்ணிப் பாருங்க. அப்போ பெண்களுக்கு ரெண்டு நிமிஷ ரவுண்டு நாலு, அதனால பேப்பர்ல நாலு கட்டம் போட்டுக்கோங்க.