பழைய கடைத்தெருப் படத்தில் இருப்பது கேஸ் விளக்கா, மின்விளக்கா? கண்டுபிடிக்கும் வழி

1880க்கும் 1915க்கும் இடையில் எடுத்த லண்டன் அல்லது நியூயார்க் கடைத்தெருப் படம் கிடைத்தால், எடிசன்தான் 1882-லேயே நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கிவிட்டாரே, அப்படியானால் இது மின்விளக்குதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். படத்தின் ஆண்டு மட்டும் போதாது. லண்டன் தேம்ஸ் கரைச் சாலையில் 1878-ல் மின்விளக்கு போட்டுவிட்டு, கட்டுப்படியாகாமல் 1884-ல் மறுபடி கேஸுக்கே திரும்பினார்கள். கடைக்காரர்களும் செலவைப் பார்த்துத்தான் மாறினார்கள். அதனால்தான் இப்படிப்பட்ட படங்களுக்குக் கீழே யோசிக்காமல் 'மின்விளக்கு' என்று எழுதியிருந்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் விளக்கின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மூடாத கேஸ் சுடர் மேல்நோக்கித்தான் எரியும், அதனால் கண்ணாடிக் கூடும் மேலே வாய் திறந்து நிற்கும்; பல்பை எப்படி வேண்டுமானாலும் தொங்கவிடலாம். ஒரே தொங்குவிளக்கில் சில கைகள் மேலேயும் சில கைகள் கீழேயும் பார்த்தால் பெரும்பாலும் அது கலப்பு விளக்கு, கரண்ட் போனால் கேஸை ஏற்றிக்கொள்வார்கள். அப்புறம் குழாயில் திருகு இருக்கிறதா என்று தேடுங்கள். பல்பு ஹோல்டரிலும் அந்தக் காலத்தில் திருகு சுவிட்ச் உண்டு, ஆனால் அது ஹோல்டரோடேயே இருக்கும், கேஸ் திருகு சுடருக்கு முன்னால் குழாயில் இருக்கும். விளக்கு வெறும் ஒயரில் தொங்கினால் சந்தேகமே வேண்டாம், மின்விளக்குதான்.

1900க்குப் பிறகுதான் சிக்கல். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் காப்புரிமை வாங்கிய மேண்டில், அதாவது கேஸ் சுடரின் சூட்டில் பளிச்சென்று ஒளிரும் வலை, 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவைக்கு வந்ததும் கேஸ் விளக்கின் நிலைமையே மாறிவிட்டது. நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸில் கட்டுவார்களே, அதே வலைதான். அதன் பக்கத்தில் அன்றைய கார்பன் இழை பல்பு மங்கலாகத்தான் தெரியும், அதனால் மின்சாரம் வாசலுக்கே வந்தபிறகும் பல கடைகள் கேஸை விடவில்லை. பிறகு தலைகீழாக எரியும் மேண்டிலும் வந்தது, ஆகவே கீழ்நோக்கிய கூடு என்பதை மட்டும் நம்பாதீர்கள். விளக்கின் தலையில் சூடு வெளியேறும் புகைபோக்கி இருக்கிறதா, பக்கத்தில் இழுக்கும் சங்கிலி தொங்குகிறதா என்று பாருங்கள், இரண்டும் இருந்தால் அநேகமாகக் கேஸ்தான்.

கடைவாசலில் பெரிய உருண்டைக் கண்ணாடி தொங்கினால் இன்னும் கவனம் தேவை. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் மின் ஆர்க் விளக்கோடு போட்டி போட, ஒரே கண்ணாடிக்குள் பல மேண்டில்களைச் சேர்த்து 'கேஸ் ஆர்க்' என்றே விற்றார்கள், தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மின் ஆர்க்கில் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இறங்கிவர இடம் வேண்டும், அதனால் கண்ணாடிக்கு மேலே நீளமான உருளை இருக்கும். கேஸ் ஆர்க்கில் தலை குட்டையாக, அகலமாக இருக்கும்.

டங்ஸ்டன் இழை பல்பு 1910-ஐ ஒட்டிப் பரவிய பிறகுதான் கடைகளில் கேஸ் வேகமாகக் குறைந்தது. 1915க்குப் பிந்தைய கடை என்றால், வேறு தடயம் இல்லாதபோது மின்சாரம் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவிளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது, லண்டனில் கேஸ் தெருவிளக்குகள் இன்றும் நூற்றுக்கணக்கில் எரிகின்றன.