போரில் புராதனக் கட்டடம் இடிந்தால் அது குற்றமா? கண்டுபிடிப்பது எப்படி

இடிந்து கிடக்கும் மசூதியின் படமோ எரிந்த நூலகத்தின் படமோ வந்தவுடன் "போர்க்குற்றம்" என்று எழுதிவிடுகிறோம். இருக்கலாம். ஆனால் படத்தில் தெரிவது சேதம் மட்டும்தான். அடி விழுந்த அந்த நேரத்தில் கட்டடத்துக்குள்ளும் சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

அதனால் முதலில் அந்த இடத்தை யாராவது ராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்தினார்களா என்று தேடுங்கள். போஸ்னியாவின் மோஸ்டார் பாலம் 16ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம், 1993 நவம்பர் 9 அன்று ஆற்றில் விழுந்தது. அதைக் குற்றமென்று யூகோஸ்லாவியப் போர்களுக்காக அமைந்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் 2013இல் தீர்ப்பு வந்தது, 2017இல் மேல்முறையீட்டில் அந்தப் பகுதி ரத்தானது, காரணம் பாலத்தைத் தாக்கியவர்களின் எதிர்த்தரப்புப் படை பாலத்தைப் பயன்படுத்தியதால் அது ராணுவ இலக்கு என்பதுதான். எனக்கு இன்னும் ஜீரணமாகாத தீர்ப்பு, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. 1991 டிசம்பர் 6இல் குண்டுவீச்சுக்கு ஆளான குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரத்தின் கதை நேர் எதிர். உள்ளே ராணுவ இலக்கு எதுவும் இல்லை, யுனெஸ்கோ கொடிகள் வேறு பறந்துகொண்டிருந்தன, எனவே தப்பிக்க வழியில்லை.

அடுத்தது, யார்? சுட்டவரோடு நிறுத்திவிடாதீர்கள். டுப்ரோவ்னிக் வழக்கில் யூகோஸ்லாவிய ராணுவத்தின் ஜெனரல் ஸ்ட்ருகர் தண்டிக்கப்பட்டது, கீழே இருந்தவர்களைத் தடுக்கவும் இல்லை, பிறகு தண்டிக்கவும் இல்லை என்பதற்காக. மேல்முறையீட்டுக்குப் பின் ஏழரை ஆண்டு.

அப்புறம், வேண்டுமென்றே செய்தார்களா? இதை நிரூபிப்பதுதான் கஷ்டம், சிலர் தாங்களே வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்தாலொழிய. மாலியின் டிம்பக்டுவில் 2012இல் ஊரைப் பிடித்திருந்த ஆயுதக் குழுவினர் ஒன்பது கல்லறை மண்டபங்களை இடித்தார்கள், உலகம் முடியும்வரை திறக்கக்கூடாது என்று ஊரார் நம்பிய சிதி யாஹியா மசூதிக் கதவையும் பெயர்த்தார்கள். இதை முன்னின்று நடத்திய அல் மஹ்தி, ஏன் இடிக்கிறோம் என்று கேமரா முன்னாலேயே விளக்கம் சொன்னார். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2016இல் ஒன்பது ஆண்டு சிறை, அடுத்த ஆண்டு 27 லட்சம் யூரோ இழப்பீட்டு உத்தரவு.

சரி, எந்த நீதிமன்றம்? சம்பவம் நடந்த தேதியையும் நாட்டையும் பாருங்கள். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகாரம் 2002 ஜூலை 1இல்தான் தொடங்குகிறது, 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானில் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலைகள் அதற்கு வெளியே. பல்மைரா கோயில்கள் தகர்ந்தது 2015இல், ஆனால் சிரியா அதில் உறுப்பினர் இல்லை. அப்போது உள்நாட்டு நீதிமன்றங்களைத்தான் பார்க்க வேண்டும். போரில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954 ஹேக் ஒப்பந்தத்தின் 1999 இரண்டாம் நெறிமுறையை ஏற்ற நாடுகள், மிகக் கடுமையான மீறல்களைச் செய்தவர் தங்கள் மண்ணில் இருந்தால் அவர் வேறு நாட்டுக்காரராக இருந்தாலும் விசாரிக்கச் சட்டம் வைத்திருக்க வேண்டும் (நெறிமுறையை ஏற்காத நாட்டவர் விஷயத்தில் பொதுவாக இந்தக் கடமை இல்லை).

நீங்கள் சம்பவ இடத்தருகே இருந்தால் உயிர்தான் முதலில், வெடிக்காத குண்டு கிடக்கலாம், எதையும் தொடாதீர்கள். எடுத்த படத்தின் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் அழிந்துபோகும். இடிபாட்டை மட்டும் எடுக்காமல் நாலு பக்கமும் திருப்பி எடுங்கள்: கூரை, முற்றம், பக்கத்துத் தெரு. அங்கே பீரங்கியோ மணல்மூட்டையோ இல்லை என்பதைக் காட்டும் வெறும் முற்றத்தின் படம், விழுந்த கோபுரத்தின் படத்தைவிட வழக்கறிஞருக்கு அதிகம் பயன்படலாம்.