கிளவுட் ரோபோவுக்கு ஒரு திறந்த கூட்டு முயற்சி: திட்டமிடுவது எப்படி?

ரோபோக்கள் இணையம் வழியே தொலைவிலுள்ள கணினிகளின் (கிளவுட்) உதவியைப் பெறும் முறைக்கு ‘கிளவுட் ரோபாட்டிக்ஸ்’ என்ற பெயரை 2010-இல் ஜேம்ஸ் கஃப்னர் சூட்டினார். ஒரு ரோபோ கற்றதை இன்னொன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அன்றைய ஆசை. இன்று அதற்கான மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து ஊரில் இருக்கும் ஐந்து பேரை ஒரே அமைப்பில் வேலை செய்ய வைப்பதுதான் கடினம். திட்டம் முழுக்க அதைச் சுற்றியே போட வேண்டும். ரோபோ மென்பொருள் எழுதுவதற்கான திறந்த மூலத் தளமான ரோஸில் (ROS) நோட் (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்), டாபிக் (நோடுகள் செய்தி பரிமாறும் பெயரிட்ட தடம்), லாஞ்ச் (பல நோடுகளை ஒன்றாகத் தொடங்குவது) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள்

‘எல்லா ரோபோவுக்கும் பொதுத் தளம்’ என்று இறங்கினால் கரை சேர முடியாது. இப்படி எழுதி வையுங்கள்: “ஒரு டர்டில்பாட்3 பர்கர் (சிறிய சக்கர ரோபோ) அறையின் மேப்பை வரைந்து கிளவுடில் வைக்கும், இன்னொரு பர்கர் அதை இறக்கிக்கொண்டு, அதே அறையில் சொன்ன இடத்துக்குப் போய் நிற்கும்.” நடந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். முதல் மூன்று மாதத்துக்கு இதுவே போதும்.

2. எது ரோபோவில், எது கிளவுடில்?

நெட் அறுந்தால் ஆபத்தாகும் எதையும் கிளவுடுக்கு அனுப்பாதீர்கள். மோட்டார், தடையைத் தவிர்ப்பது, நிறுத்துவது மூன்றும் ரோபோவிலேயே இருக்கட்டும். மேப் சேமிப்பு, பொருளை அடையாளம் காண்பது, பதிவுகள் கிளவுடுக்குப் போகலாம்.

அடுத்து அலைவரிசைக் கணக்கு. 640×480 வண்ணப் படம் ஒன்று 9,21,600 பைட். நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 221 எம்பிபிஎஸ். பெரும்பாலான வீட்டு இணைப்புகளின் அப்லோடு இதைத் தாங்காது. நொடிக்கு இரண்டு ஜேபெக் படம் அனுப்புங்கள், போதும். லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) சுற்றுக்கு 360 புள்ளிதான். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

3. பதிப்பைப் பூட்டுங்கள்

உபுண்டு 24.04, ரோஸ் 2 ஜாஸி. ஜாஸிக்கு 2029 மே வரை ஆதரவு உண்டு. எல்லோருக்கும் ஒரே டாக்கர் இமேஜ் (தேவையான மென்பொருள் எல்லாம் அடங்கிய பொதி). ‘லேட்டஸ்ட்’ டேக் வேண்டாம், எண்ணிட்ட டேக் மட்டுமே. அதே இமேஜில், ரோபோவைக் கணினியிலேயே பாவனை செய்யும் கஸீபோவும் இருக்க வேண்டும். ரோபோ கையில் இல்லாதவரும் முதல் நாளே பங்களிக்க அது ஒன்றுதான் வழி.

4. பாலம்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

வீட்டு வைஃபையில் இரண்டு மெஷினும் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். கிளவுடில் ஒன்றை ஏற்றியதும் டாபிக் பட்டியல் காலியாக வரும். காரணம், ரோஸ் 2 செய்தி பரிமாற வழக்கமாகப் பயன்படுத்தும் டிடிஎஸ், மற்ற நோடுகளைத் தேட யுடிபி மல்டிகாஸ்ட்டை (ஒரே செய்தியை நெட்வொர்க்கில் பலருக்கும் ஒருசேர அனுப்பும் முறை) நம்பியிருக்கிறது. மல்டிகாஸ்ட் இணையத்தைத் தாண்டாது. டொமைன் ஐடியை (ரோஸ் குழுக்களைப் பிரிக்கும் எண்) எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் தனி நெட்வொர்க்) போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. எங்கள் தேர்வு, இணையத்தைத் தாண்டியும் செய்தி கடத்தும் திறந்த மென்பொருளான ஸெனோவின் ரோஸ்2டிடிஎஸ் பாலம்தான். ரோபோவில் ஒரு பாலம், கிளவுடில் ஒரு ஸெனோ ரவுட்டர், அது காத்திருக்கும் போர்ட் டிசிபி 7447. ரோபோதான் வெளியே அழைக்கும் என்பதால் வீட்டு ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம்.

மூன்று விஷயத்தைக் கட்டாயம் செய்யுங்கள். ரோஸின் தேடல் எல்லையை லோக்கல்ஹோஸ்ட் (அந்த ஒரே மெஷினுக்குள்) என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வைஃபையில் உள்ள இரண்டு ரோபோக்கள் டிடிஎஸ் வழியாகவும் பாலம் வழியாகவும் பேசி, ஒவ்வொரு செய்தியும் இரட்டையாக வரும். ஒவ்வொரு ரோபோவுக்கும் தனி நேம்ஸ்பேஸ் (டாபிக் பெயர்களுக்கு முன்னொட்டு) கொடுங்கள். இல்லையென்றால் ஒன்றுக்கு அனுப்பிய வேகக் கட்டளைக்கு இரண்டும் ஓடும். பாலத்தின் அனுமதிப் பட்டியலில் தேவையான டாபிக்குகளை மட்டும் எழுதுங்கள்.

7447-ஐச் சான்றிதழ் இல்லாமல் திறந்து வைத்தால் முகவரி தெரிந்த யாரும் ரோபோவை ஓட்டலாம். டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கி, சான்றிதழால் அடையாளம் பார்க்கும் முறை) போடுங்கள், ரோபோவுக்கு ஒரு சான்றிதழ் வீதம்.

5. காவல் நோட்

பர்கரின் உச்ச வேகம் நொடிக்கு 0.22 மீட்டர். அரை நொடி கட்டளை வராவிட்டால் நிறுத்துவது என்று வைத்தால், அதற்குள் 11 செ.மீ. நகர்ந்திருக்கும். அறைக்குள் இது ஏற்கத்தக்கது. பல இடத்திலிருந்து வரும் வேகக் கட்டளைகளில் ஒன்றைத் தேர்ந்து கடத்தும் ட்விஸ்ட்மக்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்: நேரம் கடந்ததும் அது கடத்துவதை நிறுத்துமே தவிர, தானாகப் பூஜ்ய வேகம் அனுப்பாது. பூஜ்யம் அனுப்பும் சிறு நோடைத் தனியாக எழுதி, ரோபோவிலேயே ஓட விடுங்கள். வைஃபையை நிஜமாகவே அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. ரெப்போ (கோடு சேமிக்கும் பொதுக் களஞ்சியம்)

உரிமம் அப்பாச்சி 2.0, ரோஸ் 2-இன் பெரும்பகுதியும் அதுவே. முதல் கமிட்டுக்கு (கோடு மாற்றப் பதிவு) முன்பே உரிமக் கோப்பைப் போட்டுவிடுங்கள்; முப்பது பேர் எழுதிய பிறகு உரிமத்தை மாற்ற முப்பது பேரின் சம்மதமும் வேண்டும். புதியவருக்கான பணிகள் ஒரு மாலையில் முடிகிற அளவில் இருக்கட்டும். ‘நேவிகேஷனை மேம்படுத்து’ என்பது பணியல்ல. ‘மேப் பதிவேற்றம் தோற்றால் மூன்று முறை மறுபடி முயல்’ என்பது பணி.

பின்சேர்க்கை: கடிகாரம்

எல்லாம் சரியாக இருந்தும் பாலம் இணைய மறுத்தால் ரோபோவில் தேதியைப் பாருங்கள். ரோபோவில் இருக்கும் சிறு கணினியான ராஸ்பெரி பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணைத்து வைத்த பை பழைய தேதியோடு எழும். நேற்று வழங்கிய சான்றிதழ் ‘இன்னும் செல்லாது’ என்று தள்ளப்படும். இணைந்தாலும், சில நூறு மில்லிநொடி விலகலே டிஎஃப்பில் (எந்த நேரத்தில் எது எங்கே இருந்தது என்று கணக்கு வைக்கும் ரோஸ் பகுதி) ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ பிழையைக் கொட்ட வைக்கும். இரு முனையிலும், இணையத்தில் இருந்து நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிறுவுங்கள். நேரம் ஒத்திசைந்த பிறகே பாலம் எழும்படி, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கும் சிஸ்டம்டி சர்வீஸில் வரிசையை அமைத்துவிடுங்கள்.