டொரியாண்டோ பாஸ்: காலைத் தாண்டி வர விடாதீர்கள்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற தரை மல்யுத்தத்தில், நீங்கள் மல்லாந்திருக்க, எதிராளி நின்றபடி உங்கள் முழங்கால் பக்கத்து பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, கால்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் சுற்றி வருவதுதான் டொரியாண்டோ. பிடி விழுந்த உடனே வேலையை ஆரம்பியுங்கள். அவருடைய ஒரு சட்டைக்கை நுனியை இரண்டு கையாலும் பற்றி, அந்தக் கை பிடித்திருக்கும் காலை உதைத்து நீட்டினால் பிடி விடும்.

சுற்ற ஆரம்பித்துவிட்டால் மல்லாந்து கிடக்காதீர்கள். அவர் வரும் பக்கம் ஒருக்களித்து, மேல்கையை அவர் தோளில் ஊன்றி, கீழ்க்கையின் முன்கையை அவர் இடுப்பெலும்பில் வையுங்கள். முழங்கை விலாவை விட்டு அகன்றால் அந்த இடைவெளியில் அவர் கை நுழைந்துவிடும். அவரைத் தள்ள வேண்டாம். உங்கள் இடுப்பைப் பின்னால் இழுங்கள். கிடைத்த இடத்தில் கீழ் முழங்காலை நுழைத்து மறுபடி கார்டுக்கு (உங்கள் கால்கள் அவரைத் தடுத்து நிற்கும் நிலைக்கு) வாருங்கள். சேலத்து ஏப்ரல் வெக்கையில் ஜி (தடித்த பயிற்சி உடை) இல்லாமல் உருண்டால் வியர்வையில் மணிக்கட்டுப் பிடி வழுக்கும். அப்போது முன்கை எலும்புதான் துணை.

கபடியிலிருந்து வருபவர்கள் பிடிபட்டதும் குப்புறத் திரும்பி ஊர்வார்கள். இங்கே அது முதுகைக் கொடுப்பது: 4 புள்ளி போகும், கழுத்தும் மாட்டும். தாண்டியவருக்கு 3 புள்ளி கிடைக்க 3 விநாடி உங்களை அடக்கி வைக்க வேண்டும். அதுவரை இடுப்பை நிறுத்தாதீர்கள்.