ஒரு வாசல்படியை மாற்ற வைப்பது எப்படி? சுயமாக வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொடக்க வழிகாட்டி

வீட்டுக்குள் பலவற்றை நம் வசதிப்படி அமைத்துக்கொள்ளலாம். குளியலறையில் கைப்பிடி, கை எட்டும் உயரத்தில் சுவிட்ச், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. தெருவுக்கு வந்துவிட்டால் எதுவும் நம் கையில் இல்லை. நூலக வாசலில் இரண்டே படி இருந்தால் போதும், போன காரியம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த இரண்டு படிகளை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, போராட்ட அனுபவமும் வேண்டாம். ஒரு அளவு டேப், ஒரு ஃபோன், கொஞ்சம் பிடிவாதம் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

1. ஒரே ஒரு தடையைத் தேர்ந்தெடுங்கள்

"ஊரில் எங்குமே வசதி இல்லை" என்று மனு கொடுத்தால், அதை யாருடைய மேசைக்கு அனுப்புவது என்றே அலுவலகத்தில் தெரியாது. ஒரு கட்டடம், அதில் ஒரு வாசல் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கடி போக வேண்டிய இடமாக இருப்பது நல்லது. பதில் வரத் தாமதமானாலும் விட்டுவிடத் தோன்றாது.

2. இரண்டு மூன்று பேராகப் போய்ப் பாருங்கள்

பாதிக்கப்படுகிறவர்தான் முன்னால் நிற்க வேண்டும். எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சுயவாழ்வு மையம் தொடங்கியபோது பிடித்துக்கொண்ட கொள்கை இது. போலியோவால் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தவர் அவர். அந்த மையத்தை நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. அக்கறையோடு உதவ வருகிற உறவினரும் நண்பரும் கூடவே வரட்டும், பேச்சை மட்டும் உங்களிடமிருந்து பிடுங்காமல் இருக்கட்டும்.

உடன் வருகிறவர்கள் வேறு வேறு குறைபாடு உள்ளவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. நடைபாதை ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்காரருக்கு அது சாலையோடு சமமாக இறங்க வேண்டும். வெள்ளைக்கோலோடு வருகிறவருக்கோ அந்த விளிம்புதான் "இங்கே சாலை தொடங்குகிறது" என்று சொல்லும் அடையாளம். விளிம்பை எடுத்துவிட்டால் அவர் தெரியாமலே வண்டிகளுக்கு நடுவில் போய் நிற்பார். அதனால்தான் சரிவு இறங்கும் இடத்தில் புள்ளிகள் புடைத்த ஓடு பதிக்கிறார்கள். புள்ளி என்றால் கவனம், நீளக் கோடு என்றால் இந்த வழியே போகலாம். ஜப்பானின் ஒகயாமாவில் 1967-இல் முதன்முதலாகப் பதித்த ஏற்பாடு இது. ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுதும் மனுவில் இந்த ஓடு விடுபட்டுப்போக நிறைய வாய்ப்பு உண்டு.

3. அளந்து எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "ரொம்பச் செங்குத்தாக இருக்கிறது" என்று எழுதினால் "எங்களுக்கு அப்படித் தெரியவில்லையே" என்று பதில் வரும். எண்ணோடு எழுதினால் அப்படி மழுப்ப முடியாது.

முதலில் படி. தரையிலிருந்து வாசல் மட்டம் வரை நேர் உயரத்தை அளங்கள். இரண்டு படியும் சேர்ந்து 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரேம்ப் எனப்படும் சாய்தளத்துக்குப் பல நாடுகளின் தரநிலைகள் சொல்லும் கணக்கு 1:12. ஒரு செ.மீ. ஏற, 12 செ.மீ. நீளம் வேண்டும். ஆக 30 செ.மீ. உயரத்துக்கு 360 செ.மீ. நீளம். பல இடங்களில் ஒரு மீட்டர் நீளத்தில் சிமென்ட்டைச் சரித்துப் பூசிவிட்டு "ரேம்ப் போட்டாயிற்று" என்கிறார்கள். அதன் சாய்வு கிட்டத்தட்ட 17 பாகை. அதில் ஏறப் பார்த்தால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழக்கூடும். அப்படி ஒரு ரேம்ப் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்பேன்.

ஏற்கெனவே சாய்தளம் இருந்தால் ஃபோனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, ஃபோனைச் சரிவின் மேல் நீளவாக்கில் வையுங்கள். 1:12 என்பது ஏறத்தாழ 4.8 பாகை. அதற்கு மேல் காட்டினால் அந்தத் திரையையே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கதவு. நிலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அளந்துவிடுகிறோம், அது சரியல்ல. கதவை 90 பாகை திறந்துவைத்து, கதவுப் பலகையின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை அளக்க வேண்டும். பலகையின் தடிமன் போக மீதம் இருப்பதுதான் நுழையும் வழி. அமெரிக்கத் தரநிலை இதற்குக் கேட்பது 32 அங்குலம், அதாவது சுமார் 81 செ.மீ. உள்ளே போனதும் நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்பச் சுமார் 150 செ.மீ. விட்டமுள்ள காலியிடம் வேண்டும்.

கழிப்பறையையும் எட்டிப் பாருங்கள். கதவில் சக்கர நாற்காலிப் படம் இருக்கும், உள்ளே துடைப்பமும் வாளியும் குடியிருக்கும். அதைப் படம் எடுங்கள், ஆட்கள் முகம் விழாமல்.

4. பொறுப்பு யாருடையது?

கட்டடத்தில் இயங்கும் அலுவலகம் ஒன்று, கட்டடத்தின் உரிமையாளர் இன்னொருவர், முன்னால் இருக்கும் நடைபாதை உள்ளாட்சிக்குச் சொந்தம் என்று பிரிந்திருக்கலாம். வரவேற்பு மேசையில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் எல்லோருக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்புங்கள்.

5. மனு எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். இருப்பது, அதனால் முடியாமல் போவது, வேண்டியது, பதில் வர வேண்டிய நாள், இந்த நான்கும் இருக்கட்டும். மாதிரிக்கு:

"நூலகத்தின் முன்வாசலில் 30 செ.மீ. உயரத்துக்கு இரண்டு படிகள் உள்ளன. சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலி பயன்படுத்தும் என்னால் உள்ளே வர இயலவில்லை. 1:12 சாய்வில், இருபுறமும் கைப்பிடியுடன் சாய்தளம் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அது முடியும்வரை புத்தகங்களை வாசலிலேயே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யவும். எடுக்கும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

உங்கள் நோய் விவரம், குடும்பச் சூழல் எதுவும் வேண்டாம். கேட்பது சலுகை இல்லையே, பின் எதற்கு இரக்கம் தேட வேண்டும்? நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. வழக்கமான பதில்களுக்குத் தயாராக இருங்கள்

"உங்களைப் போன்றவர்கள் இங்கே யாரும் வருவதில்லையே." படி இருப்பதால்தான் வருவதில்லை என்று சொல்லுங்கள்.

"ஆள் இருக்கிறார்கள், தூக்கிவிடுவார்கள்." மின்சாரச் சக்கர நாற்காலிகளில் பல, ஆள் உட்காராமலே 100 கிலோவைத் தாண்டும். தூக்குகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. அது போக, மூட்டை மாதிரி தூக்கிப் போகப்பட யாருக்குத்தான் பிடிக்கும்?

"துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாமே." இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்று உறுதி செய்துள்ளன. எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே நாமும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. உதவியாளரை வைத்துக்கொள்வதும் சுயவாழ்வின் ஒரு பகுதிதான், ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நாம். கட்டடங்களும் சேவைகளும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பது 9ஆவது பிரிவு. இந்த இரண்டு எண்களோடு உங்கள் நாட்டுச் சட்டத்தின் பிரிவையும் மனுவின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

"நிதி இல்லை." சரி, எந்த ஆண்டு ஒதுக்குவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். அதுவரை மடக்கி எடுத்துவைக்கும் சாய்தளம் வைக்கலாமே என்றும் கேளுங்கள். அதற்கும் 1:12 கணக்குதான்.

7. விடாமல் கேளுங்கள்

ஒரு நோட்டில் தேதி, பேசியவரின் பதவி, சொன்ன பதில் மூன்றையும் குறித்துவாருங்கள். முதல் கெடு முடிந்த மறுநாளே நினைவூட்டல் போகட்டும்.

சட்டம் இருந்தால் தானாக நடந்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு 1973-லேயே வந்துவிட்டது, நடைமுறை விதிகளில் கையெழுத்துதான் ஆகவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று ஜூடி ஹியூமன் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் சான் ஃபிரான்சிஸ்கோ அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டதும், காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது. உங்கள் நூலகத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, இரண்டு மூன்று நினைவூட்டல்களிலேயே அசைந்து கொடுப்பவர்கள் உண்டு.

8. வேலை முடிந்ததும் சோதித்து, மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்

சிமென்ட் காய்ந்ததும் மறுபடி டேப்போடு போங்கள். அளவு தவறியிருந்தால் திறப்பு விழாவுக்கு முன்பே சொன்னால்தான் திருத்துவார்கள்.

அப்புறம், கிடைத்த தகவலைப் பகிருங்கள். "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற இடம்" என்று மொட்டையாகப் போட்டால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: "முன்வாசலில் 1:12 சாய்தளம், இருபுறமும் கைப்பிடி. கதவு 82 செ.மீ., கனமானது, தள்ள ஒருவர் தேவைப்படலாம். தரைத்தளக் கழிப்பறைக் கதவு 70 செ.மீ. மட்டுமே. புள்ளி ஓடு இல்லை." போக முடியுமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்வார்கள்.

இதைப் படமாக அனுப்பாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருள் பெரும்பாலும் ஒழுங்காகப் படித்துக் காட்டாது. தட்டச்சு செய்த எழுத்தாகவே போடுங்கள், சிறு வாக்கியங்களில். காணொளி என்றால் வசன வரி சேருங்கள். கடைசி வரியில் அளந்த தேதி கட்டாயம் இருக்கட்டும். போன வருடம் திறந்திருந்த சாய்தளத்தின் குறுக்கே இன்றைக்கு இருசக்கர வண்டிகள் நிற்கலாம்.