பூட்டன் பூட்டியின் கலியாணத்தைத் தேடி யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது பூட்டன் பூட்டியின் கலியாண விபரத்தையும் தேடிப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள் முதலில் போவது பிரதேச செயலகத்துக்கு. போகத்தான் வேண்டும். விவாகப் பதிவு கிடைத்தால் இரு பக்கத்துத் தகப்பன்மாரின் பெயர், வயது, தொழில் என்று பல விபரம் ஒரே தாளில் வந்துவிடும். ஆனால் கேட்கும்போது பூட்டியின் ஊரைச் சொல்லிக் கேளுங்கள். கலியாணம் பெண் வீட்டில் நடப்பதும், மாப்பிள்ளை சீதன வளவில் குடியேறுவதும் பரவலாக இருந்தன. நீங்கள் 'எங்கட ஊர்' என்று சொல்வது பூட்டன் பிறந்த ஊராக இல்லாமல் போகலாம்.

பதிவு இல்லை என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். சைவ முறைப்படி தாலி கட்டிய கலியாணம் எழுத்து (பதிவு) இல்லாமலே சட்டப்படி செல்லும் என்பதால், அந்தக் காலத்தில் பலர் எழுதவே இல்லை. கலியாணத்தை எழுதாதவர்களும் காணியை எழுதினார்கள். ஆகவே என்னைக் கேட்டால், தேட வேண்டியது சீதன உறுதியை, அதாவது சீதனக் காணிப் பத்திரத்தைத்தான்.

பெண்ணின் தாய் தகப்பன் கலியாணத்தை ஒட்டி நொத்தாரிசு (உறுதி எழுதிப் பதிபவர்) முன் முடித்த உறுதி அது. தேதியைப் பார்த்தால் கலியாண ஆண்டு ஏறக்குறையப் பிடிபடும். காணியின் பெயர், எத்தனை பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்), கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் இருக்கும். நாலு எல்லையையும் அவசரப்படாமல் வாசியுங்கள். ஒரு வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், வடக்கெல்லையிலும் கிழக்கெல்லையிலும் நிற்கும் பெயர்கள் பூட்டியின் சகோதரிகளாக இருக்கும். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு பெரிய பூட்டி அப்படித்தான் வெளியே வருவார். கொடுப்பவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்றும் எழுதியிருக்கும்: தாயிடமிருந்து இன்ன தேதிய, இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி என்று. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போகும் முறை இருக்கிறது. ஆகவே உறுதிகளைப் பிடித்துக்கொண்டு ஏறினால் தாய்வழியில் இரண்டு மூன்று தலைமுறை போகலாம்.

போரால் வந்த 1995 இடப்பெயர்வோடு உறுதி போய்விட்டதா? நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இணைப்பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், தேதி தெரிந்தால் அங்கே கேட்கலாம். தெரியாவிட்டால் காணியின் பெயரும் ஊரும் வேண்டும். உள்ளூர் நொத்தாரிசு ஒருவரைப் பிடித்துச் செய்வது சுகம். விடுமுறையை வரிசையில் கழிக்க வேண்டியதில்லை.

விமானம் ஏறுமுன் ஒரு வேலை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவு மலர்களில் வம்சாவளி போடுவது யாழ்ப்பாண வழக்கம். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. முதல் தாரமும், வீட்டாருக்குப் பிடிக்காமல் கலியாணம் முடித்தவர்களும் வம்சாவளியில் விடுபடுவது புதினமில்லை. ஓலைச் சாதகம் அகப்பட்டால் ஆண்டுப் பெயரில் கவனம்: 1898 உம் விளம்பிதான், 1958 உம் விளம்பிதான்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் (தேவாலய) பதிவேடுகளைக் கேளுங்கள். அமெரிக்க மிஷன் 1816 இல் தெல்லிப்பழையில் தொடங்கியது. மிஷன் பள்ளிகளில் படித்த சிலருக்கு, அவர்களுக்காகப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரையே வைத்தார்கள். வெள்ளைக்காரப் பெயர் ஒன்று குறுக்கிட்டால் அது வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக, சொந்தக்காரர் வீட்டில் வாசலில் நின்றே உறுதியைக் கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் உறுதி கேட்டால் காணிக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அதில் பிழையும் இல்லை. முதலில் கல்வெட்டையும் பழைய படங்களையும் கேளுங்கள். காணியில் உங்களுக்கு ஒரு நோக்கமும் இல்லை என்பதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உறுதியை எடுத்துத் தந்தால் அவர் கண்முன்னே கைபேசியில் படம் எடுத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பதிவு இலக்கம் அங்கேயும் இருக்கலாம்.