குளிர்கால சைக்கிளின் எடையைக் குறைப்பது எப்படி?

உறைபனியிலும் சேற்றிலும் ஓட்டும் சைக்கிள் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். மட்கார்டு, விளக்கு இரண்டையும் எடைக்காகக் கழற்ற வேண்டாம். பனிக்காகச் சாலையில் தூவும் உப்பும் மணலும் சீக்கிரம் தின்றுவிடாத பாகங்களில் மட்டும் கை வையுங்கள்.

முதல் படி: எடை போடுங்கள்

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்து, கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பாகத்தின் எடையோடு ஒப்பிட்டால் செலவு செய்யலாமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: டயர், டியூப்

குறைந்த செலவில் நல்ல பலன் இங்கேதான். ஓரத்தில் இரும்புக் கம்பி உள்ள டயருக்குப் பதில், அதே மாடலில் மடிக்கக்கூடிய டயர் கிடைக்கிறதா பாருங்கள். ஆனால் பஞ்சர் தடுப்புப் பட்டை கட்டாயம் இருக்கட்டும். விரல் விறைத்துப்போன நேரத்தில் டியூப் மாற்றுவது பெரும்பாடு! 100 கிராமுக்கு மேல் இருக்கும் சாதாரண பியூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூபின் இடத்தில் டிபியூ (TPU) என்னும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் போட்டால் 40 கிராம் அளவுக்கு வந்துவிடும். சக்கர வளையத்தையே (ரிம்) அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் சைக்கிள் என்றால், பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டைத் தாங்கும் என்று உறையில் போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டும் முறை: காற்றை முழுவதும் இறக்கி, டயர் லிவரால் பழைய டயரைக் கழற்றுங்கள். புது டயரின் ஒரு ஓரத்தை, அம்புக்குறியின் திசை பார்த்து ரிம்மில் ஏற்றுங்கள். டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். மறு ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, வால்வு அருகே முடியும்படி கையாலேயே தள்ளுங்கள். டியூப் எங்கும் நசுங்கவில்லை என்று சுற்றிலும் பார்த்த பிறகே முழுக் காற்று.

மூன்றாம் படி: சீட், சீட் போஸ்ட்

சீட்டைத் தாங்கும் குழாயான போஸ்ட் இரும்பாக இருந்தால் அலுமினியத்துக்கு மாறலாம். பழைய போஸ்டில் பொறித்திருக்கும் விட்டம், உதாரணமாக 27.2 மி.மீ., அப்படியே பொருந்த வேண்டும். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் உப்புநீரில் அரித்து இறுகிவிடும். அதனால் தாராளமாக கிரீஸ் தடவுங்கள். கார்பன் போஸ்டுக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று தனி பேஸ்ட் உண்டு. போஸ்டை இறுக்கும் கிளாம்பில் எழுதியுள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

நான்காம் படி: சக்கரம்

டிஸ்க் பிரேக் இருந்தால் இலகுவான சக்கரம் வாங்கலாம். வேகம் எடுக்கும்போது வித்தியாசம் தெரியும். ஒரே வேகத்தில் போகும்போது அவ்வளவாக இல்லை. ரிம் பிரேக்கில் மணல் ரிம்மையே தேய்த்துவிடும், விலை உயர்ந்த சக்கரம் வீண்.

செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) இரண்டையும் விட்டுவிடுங்கள். எடை குறைந்த கேசட்டின் அலுமினியப் பற்கள் சேற்றில் சீக்கிரம் தேய்கின்றன. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுகளில் அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். அலுமினிய சீட் போஸ்டை மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் தடவி மாட்டுங்கள்.